குண்டான் வேண்டாம்

புதுத் தூதரகம் எப்படி இருக்கப்போகிறது என்று ஒரு படத்தை வரைந்து பழைய தூதரகத்தின் வாசலில் மாட்டினார்கள். அவ்வளவுதான், ஊரே சிரித்தது. ஜன்னல் கிடையாது, பால்கனி கிடையாது. சாம்பல் நிறத்தில் கவிழ்த்துப் போட்ட குண்டான் மாதிரி ஒரு கட்டடம். பெயரும் 'குண்டான்' என்றே ஆகிப்போனது. எதிர்வரிசைக் குடியிருப்புக்காரர்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அது எழும்பினால் அவர்கள் வீட்டுக்குள் பகலிலும் விளக்குப் போட வேண்டும். வயிறு எரியாதா? தூதரக வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நியாயம்தான், யார் இல்லையென்றது! ஆனால் ஒரு தையல்காரம்மாவுக்கு அதே தூதரகத்தில் விசா நேர்காணல் அன்றைக்கா வர வேண்டும்?

அவளுடைய ஒரே பிள்ளை அந்தத் தூதரகத்துக்காரர்களின் தேசத்தில் வெல்டர். சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அம்மாவைச் சீக்கிரம் வரச் சொல்லும்படி டாக்டர் சொன்னதாக அவனுடைய அறைத் தோழன் போன் செய்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விசா கிடைத்தால் அன்று மாலையே விமானம்.

"வழி விடுங்கய்யா, உள்ள போகணும்," என்று கெஞ்சினாள்.

"இன்னைக்கு ஒரு ஈ காக்கா உள்ள போகாது," என்றார் மைக்கும் கையுமாக நின்ற பெரியவர். அவரை எல்லோரும் மைக் மாமா என்றார்கள். "தூதர் வெளிய வந்து பதில் சொல்லட்டும்!"

மகனைப் பற்றிச் சொன்னாள். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? டிவிக்காரர்கள் படம் பிடிக்க வசதியாக, பலகை பிடித்தவர்களை மட்டும் முன்னால் விட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தாள். கீழே கிடந்த 'குண்டான் வேண்டாம்' பலகையை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"அப்படிப் போடு அக்கா!" என்று கூட்டம் விலகியது.

கேட்டை அடைந்ததும் பலகையை வீசிவிட்டு, நேர்காணல் கடிதத்தைக் காவலாளியிடம் நீட்டினாள்.

"பலகை பிடிச்சவங்களை உள்ள விட முடியாதும்மா."

"வழி கிடைக்கத்தாங்க பிடிச்சேன். என் பிள்ளை சாகக் கிடக்கிறான்!"

"நேத்து ஒருத்தர் இதே மாதிரி கடிதாசியோட வந்து, கவுன்ட்டர் மேல பெயின்ட்டை ஊத்திட்டுப் போயிட்டார். என் வேலைக்கு உலை வைக்காதீங்க." பாவம், அவனும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

"நீங்க குண்டானைக் கட்டுங்க, கோபுரத்தைக் கட்டுங்க, எனக்கென்னய்யா!" தையல்காரம்மா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "என்னை உள்ள விடுங்க!"

பின்னால் நின்றவர்களுக்கு அவள் கேட்டை உலுக்குவது மட்டும்தான் தெரிந்தது. கைதட்டல் கிளம்பியது. "அக்காவுக்கு இருக்கிற தைரியம் நமக்கு இல்லையே!" என்று மைக்கில் முழங்கினார் மாமா. கேமராக்கள் திரும்பின. காவலாளி பயந்துபோய் உள்பக்க இரும்புக் கதவையும் சாத்தித் தாழ் போட்டான்.

அடப்பாவிகளா, என்ன செய்துவிட்டீர்கள் என்று கத்த நினைத்தாள். அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"அம்மா, அவன் முழிச்சிருக்கான். காதுல வைக்கிறேன், ஏதாவது பேசுங்க, சீக்கிரம்," என்றான் அறைத் தோழன்.

மகனின் மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது. பெற்றவள் என்னத்தைச் சொல்வாள்?

"வந்துட்டேன்டா ராசா. ஆஸ்பத்திரி வாசல்லதான் இருக்கேன். இதோ மேல ஏறி வரேன்."

பிறகு தோழனின் குரல் வந்தது.

"அவன்கிட்ட என்னம்மா சொன்னீங்க? கண்ணை எடுக்காம கதவையே பாத்துட்டிருக்கான்."