புகார் வராத இடம்

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏசி மெக்கானிக். அந்தக் கட்டடத்தைக் குளிரவைப்பதும் சூடாக்குவதும் அவர் தலையில்தான். கெட்டுப்போன பிறகு ஓடுவது பெரிய விஷயமில்லை, கெடாமல் முன்கூட்டியே துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி வைப்பதுதான் வேலை என்று கல்யாணமான புதிதில் எனக்கே பாடம் எடுத்தவர். பேச்சுக்குக் குறைச்சலே இல்லை.

நடப்பு வேறு. அங்கே மெக்கானிக்குகளுக்குள் ஒரு வழக்கம். யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்கள் மெஷினுக்குத்தான் முதல் மரியாதை. ஆபரேஷன் தியேட்டர், பெரிய டாக்டரின் அறை, பிறகு வார்டுகள். பிணவறை எப்போதும் கடைசி. "அங்க இருக்கறவங்க யாரும் கம்ப்ளெயின்ட் குடுக்க மாட்டாங்க" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தார். எங்களையெல்லாம்விட அதிகமாகச் சிரித்தது என் மாமியார்தான். சிரிப்பில் புரையேறி, "நான் வந்தா குடுப்பேன்டா, பாரு" என்றார்.

எனக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் சிரிக்கும்போது அவர் முகம் அவ்வளவு அழகாக இருக்கும். அதை எப்படி மறுப்பது?

வெயில் கொளுத்திய ஒரு நாளில், அதே ஆஸ்பத்திரியில், மாரடைப்பில் அத்தை கண்ணை மூடினார். நாத்தனார் கடல் தாண்டி இருக்கிறார். வேலை, விசா, குழந்தைகள் என்று அம்மாவை நேரில் பார்த்தே பல வருடமாயிற்று. போனில் கதறினார். "தம்பி, நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கடா. ஒரு தடவ முகத்தப் பாத்துட்டா போதும்." அங்கே புயல், விமானங்கள் கிளம்பவில்லை. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நீ பதறாம வாக்கா. நம்ம ஆஸ்பத்திரி மார்ச்சுவரிலதான் வெச்சிருக்கோம். நான் பாத்துக்கற மெஷின்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் கவனித்தேன். துக்கம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை பிணவறை ஊழியர் போன் செய்தார். "சார், உள்ள குளிர் சுத்தமா இல்ல. உடனே வாங்க." இவர் செருப்பைக்கூட மாட்டாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பிணவறையின் பின்பக்கச் சந்தில் நிற்கிறது அந்த மெஷின். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள வேண்டியது அதுதான். எதிரே சலவைக்கூடம். அதன் புகைபோக்கி நாளெல்லாம் துணிப்பஞ்சைக் கக்குகிறது. மெஷினின் முகம் முழுக்கப் பஞ்சு கம்பளி மாதிரி அப்பியிருந்தது. மூச்சு முட்டி, சூடேறி, இரவில் கம்ப்ரசர் எரிந்துவிட்டது. பிரஷும் தண்ணீருமாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் வராத வினை.

"போன மாசமே சொன்னேனே சார், சத்தம் ஒரு மாதிரி வருதுன்னு" என்றார் ஊழியர்.

இவர் வெறுங்கையால் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். தகடு கிழித்து விரலெல்லாம் ரத்தம். எரிந்துபோன மெஷினைத் துடைத்து என்ன பிரயோஜனம்? எனக்கு வந்த ஆத்திரத்தில் கன்னத்தில் அறைந்திருப்பேன். அதற்குள் அவரே தரையில் உட்கார்ந்து, "அம்மா குடுத்துட்டாங்கடி கம்ப்ளெயின்ட்டு" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தவள் நான். பார்த்ததைச் சொல்ல மாட்டேன். ஐஸ் கட்டி கொண்டுவந்து அடுக்கினோம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். போனது போனதுதான்.

நாத்தனார் வந்து இறங்கும்வரை இவர் பொய்களை ஒத்திகை பார்த்தபடியே இருந்தார். நோய் தொற்றும், டாக்டர் திறக்கக்கூடாது என்றுவிட்டார், அப்படி இப்படி. நானும் உம் கொட்டினேன். அந்த நேரத்தில் எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

அவர் வந்தார். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு நேராகத் துணி மூடியிருந்த இடத்துக்குப் போனார். இவர் குறுக்கே நின்றார்.

"வேண்டாம்க்கா."

"ஏன்டா? நீ பாத்துக்கற மெஷின்லதானே வெச்சிருந்தே?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ. "பாத்துக்கலக்கா" என்றார். அவ்வளவுதான் வந்தது வாயிலிருந்து.

நாத்தனார் அவரைத் தள்ளிவிட்டுத் துணியை விலக்கினார். கதறுவார் என்று பிடிக்கத் தயாராக நின்றேன். கதறவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, தானே துணியை மூடினார். தம்பி பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம்தான் சொன்னார். "வராமலே இருந்திருக்கலாம். எனக்குள்ள ஒரு முகம் இருந்துச்சு. அதுவும் போச்சு."

ஊர் திரும்பிய பிறகு அவர் இவரிடம் பேசுவதில்லை. பிணவறைக்குப் புது மெஷின் வைத்திருக்கிறார்கள். இவர் வாராவாரம் முதல் வேலையாக அதைத்தான் துடைக்கிறார். அதை அக்காவிடம் சொல்லச் சொல்கிறார். நான் சொல்வதில்லை.

எனக்கு மட்டும் போன் வரும். "அம்மா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இருந்தா அனுப்பும்மா" என்பார். தேடித் தேடி அனுப்புகிறேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழைப்பார்.

"இன்னொண்ணு இருக்கா? இதுலயும் அந்த முகந்தான் தெரியுது."