சூடு தெரியாத பாதம்

சித்திரை மாத மதியத்தில் அண்ணாமலையார் கோயில் வெளிப் பிராகாரத்தில் நடப்பவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் நாட்டிய ஒத்திகை என்று நினைக்கத் தோன்றும். கருங்கல் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்க, பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு தேங்காய்நார் விரிப்பைத் தேடி ஓடுவார்கள். சகாதேவன் மட்டும் ஓடமாட்டார். விரிப்பை விட்டு விலகி, வெறும் கல்லில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலம் அளக்க வந்தவர் போல நிதானமாக நடப்பார்.

"தலைவருக்குக் காலுல சூடே தெரியாதுப்பா" என்று முதலில் கிளப்பியவன் கோபி. அவனுக்கு வேங்கிக்காலில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. அதனாலோ என்னவோ, எதைச் சொன்னாலும் நாலடிக்கு எட்டடி அளவில்தான் சொல்வான். இரண்டு மாதத்தில் அந்தப் பேச்சு செங்கம் ரோடு வரை போய்விட்டது. அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி சகாதேவனின் பாதங்களைப் படம் எடுத்துக்கொண்டு கும்பிட்டாள். கலெக்டர் ஆபீசில் கண்காணிப்பாளராக முப்பது வருஷம் கோப்புகளோடு மல்லுக்கட்டியவருக்கு அப்படி ஒரு கும்பிடு கிடைத்ததில்லை. அவர் பாதி கண்ணை மூடிக்கொண்டார். அப்படித்தான் மூட வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

உண்மை வேறு. அவருக்குப் பதினோரு வருஷமாகச் சுகர். மூன்று வருஷமாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. முதலில் பஞ்சு மேல் நடப்பது போலிருந்தது. பிறகு பஞ்சும் போய்விட்டது. ஒருநாள் செருப்பில் ஒன்று கழன்று விழுந்தது தெரியாமல் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு போனார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. திருவண்ணாமலையில் ஒற்றைச் செருப்போடு நடப்பவரை யாரும் லேசாக எடைபோட்டுவிட மாட்டார்கள்.

டாக்டர் அருணாதேவி மட்டும் எடைபோட்டார். "நரம்பு செத்துக்கிட்டு வருது சார். இனிமே முள்ளு குத்தினாலும் நெருப்பு பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பாருங்க. ஒரு புண்ணு வந்து முத்திட்டா காலையே எடுக்கற மாதிரி ஆயிடும்" என்றார். ஷூவைக் கழற்றச் சொன்னபோது சகாதேவன் மீட்டிங் இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

வீட்டில் வேறு விளக்கம் வைத்திருந்தார்.

"உடம்பு மேல பற்று விட்டுப்போனா உணர்ச்சி கம்மியாயிடும்னு புக்குல போட்டிருக்கான்."

அவர் மனைவி ஆதிலட்சுமி, யூனியன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. "ஞாயித்துக்கிழம நாட்டுக்கோழியில எலும்பக்கூட நீங்க விட்டு வெக்கல. பற்று காலுக்கு மட்டும் தனியா விட்டுப்போச்சாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஒரு வியாதிப் பேரு வெச்சுடுவே."

"நான் வெக்கல. டாக்டரு வெச்சது."

இந்த வாதம் முடிவதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. சகாதேவன் தலைவராக இருந்த 'அருணகிரி புல்லட் பேரவை'யின் ஏழு உறுப்பினர்கள் லடாக் போவதென்று முடிவானது. சராசரி வயது ஐம்பத்திரண்டு, சராசரி இடுப்பு நாற்பது. பேரவையின் நோக்கம் 'இளைஞர்களுக்கு எழுச்சியூட்டுவது' என்று லெட்டர்பேடில் அச்சடித்திருந்தார்கள். ஊரில் எந்த இளைஞனும் எழுந்ததாகத் தகவல் இல்லை.

பதினெட்டாயிரம் அடி உயரத்தில் வண்டி ஓட்டினால் விரல் விறைத்துவிடும் என்று கேள்விப்பட்டு, சூடு ஜாக்கெட், சூடு கையுறை, சூடு சாக்ஸ் என்று ஏழு செட் வரவழைத்தார்கள். ஜாக்கெட்டுக்குள் கம்பி ஓடும். அதன் ஒயரைப் புல்லட் பேட்டரியில் செருக வேண்டும். சாக்ஸுக்குக் கெண்டைக்கால் பக்கம் தீப்பெட்டி அளவில் தனி பேட்டரி. பொத்தானை அழுத்தினால் பச்சை, இன்னும் அழுத்தினால் மஞ்சள், அதற்கும் மேல் சிவப்பு.

சோதனை ஓட்டம் கோபியின் கடையில் நடந்தது. வெளியே வெயில் முப்பத்தாறு டிகிரி. ஏழு பேரும் ஃபேனுக்குக் கீழே சாக்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து சிவப்பில் வைத்தார்கள். எலெக்ட்ரிக்கல் கடை வல்லரசு அரை நிமிஷத்தில் உதறி எறிந்தான்.

"அடப்பாவி, உள்ள தோசை வாக்குறாங்கடா."

ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். சகாதேவன் மட்டும் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லியே."

கோபி கண்களை அகல விரித்து, "தலைவரே, நீங்க வேற ஆளு" என்றான். ஒரு பேனருக்கு வாசகம் கிடைத்த முகம் அது.

வீட்டுக்குக் கொண்டுவந்த டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை ஆதிலட்சுமி கடைசி வரி வரை படித்தாள். வடை மடித்த பேப்பரைக்கூடப் படித்துவிட்டுத்தான் போடுகிறவள் அவள்.

"சுகர் இருக்கறவங்க, காலுல உணர்ச்சி இல்லாதவங்க இதப் போடக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க."

"அது பனி நாட்டுக்காரன் காலுக்கு எழுதினது. என் காலு இன்னா காலுன்னு ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன். சரி, போறதே போறீங்க, சுகர் இருக்குதுன்னு கோபி கிட்டயாவது சொல்லி வையுங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். சுகர் மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி மூடினார். தலைவருக்குச் சுகர் என்று தெரிந்த மறுநாள் அந்தப் பாதம் வெறும் நோயாளியின் பாதமாகிவிடும். பாதி மூடிய கண்ணுக்கும் மதிப்பிருக்காது.

லடாக்கில் முதல் நாள் கணவாய் ஏறும்போது காற்று பிளேடு போல வெட்டியது. ஜாக்கெட் வேலை செய்தது. மார்பும் முதுகும் இதமாக வெந்தன. கால் மட்டும் கல்லாகவே இருந்தது. பச்சையில் ஒன்றுமில்லை, மஞ்சளில் ஒன்றுமில்லை, சிவப்பிலும் ஒன்றுமில்லை. 'சைனா மாலு' என்று முடிவுகட்டி, சிவப்பிலேயே விட்டுவிட்டார்.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் கோபி குனிந்து பார்த்தான். "தலைவரே, சிவப்புல ஓடுதே, காலு வேகலியா?"

நெருப்பு பட்டாலும் தெரியாது என்று டாக்டர் சொன்னது அந்த நேரம் பார்த்து அவருக்கு ஞாபகம் வந்தது. சாக்ஸுக்குள் கையை விட்டுப் பாருடா என்று கோபியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆறு பேரும் டீ கிளாசோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நமக்கு ஏதுப்பா சூடு" என்றார்.

சாயங்காலம் அறையில் வலது சாக்ஸ் கழல மறுத்தது. பிடித்து இழுத்ததும் ஈரமாக ஏதோ கிழிந்து வந்தது. உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கத் தொப்பை விடவில்லை. தெரிந்த வரையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கொப்புளம், அதைச் சுற்றி வெளுத்த தோல். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இத்தனை குளிரில் கொப்புளம் என்றால் அது பனி கடித்ததாகத்தான் இருக்கவேண்டும். பனி கடித்தால் அதற்கு மருந்து சூடு. பவுடரைக் கொட்டி, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் இரண்டு சாக்ஸையும் சிவப்பில் வைத்தார். சார்ஜ் தீர்ந்தபோது மாற்று பேட்டரியும் போட்டார். இப்படி ஐந்து நாள்.

ஊருக்குத் திரும்பியபோது வேங்கிக்கால் முனையில் மேளம், மாலை, பொன்னாடை. பேனரில் சகாதேவன் பனிமலையைவிட உயரமாக நின்றார். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, வெறுங்காலில், பேரவை சார்பில் பதினாலு கிலோமீட்டர் வெற்றிக் கிரிவலம் என்று அதே பேனரில் அறிவிப்பும் இருந்தது.

சாயங்காலம் ஆதிலட்சுமி துவைக்கப் போட்ட துணிகளைப் பிரித்தாள். சாக்ஸை உதறியபோது சிமெண்டுத் தரையில் ஏதோ சின்னதாகத் துள்ளி விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகம், முழுசாக, அடியில் கொஞ்சம் சதையோடு.

அதைச் செய்தித்தாளில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். "காலைக் காட்டுங்க."

"குளிரு. பனி கடிச்சிடுச்சி. சரியாயிடும்."

"காட்டுங்கன்றேன்."

காட்டினார். அவள் அலறவில்லை. பள்ளிக்கூடத்தில் முழங்கால் கிழிந்து வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவள். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வலது பாதம் அடியில் கறுத்து, நடுவில் பள்ளமாகி, மஞ்சள் நீர் கட்டியிருந்தது. இடது காலில் மூன்று விரல்கள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன.

"இது குளிரு இல்லீங்க. வெந்துபோயிருக்குது. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"நாளைக்குக் கிரிவலம் முடியட்டும்."

"பதினாலு கிலோமீட்டர் இந்தக் காலோடவா? காலே போயிடும்னு சொல்லியிருக்காங்க."

"வலிக்கவே இல்ல, லட்சுமி."

"வலிச்சிருந்தாதான் பொழச்சிருப்பீங்களே."

அவர் கல்யாணம் முடிந்த வீட்டில் வாடகைப் பாத்திரத்தை எண்ணுகிறவர் போல, மாலையிலிருந்த ரோஜாக்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். அவள் கோபிக்குப் போன் செய்தாள். "சாருக்குக் காலு சரியில்ல. நாளைக்கு வேணாம்னு சொல்லுப்பா" என்றாள். கோபி சிரித்தான். "மேடம், பதினெட்டாயிரம் அடி ஏறின காலு அது. உங்களுக்குத் தலைவரோட அருமை தெரியல." போனை வாங்கிக் காதில் வைத்த சகாதேவன், "ஆறு மணி ஷார்ப்" என்றார்.

நடந்தார். முன்னால் பேனர், பின்னால் நாற்பது பேர். காலில் வலி இல்லை. உண்மையைச் சொன்னால், கால் இருப்பதாகவே தெரியவில்லை. அவர் கால் வைத்த இடங்களில் ரோடு ஈரமாயிற்று. தண்ணீர்ப் பந்தலில் கால் நனைத்திருப்பார் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள். யம லிங்கத்தைத் தாண்டியதும் ஒரு நாய் சேர்ந்துகொண்டது. அது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு ஈரத்தையும் மோந்து, சில இடங்களில் நக்கி, விடாமல் பின்தொடர்ந்தது. விரட்டப் போன வல்லரசுவைக் கோபி தடுத்தான்.

"விடுடா. பைரவரே தலைவருக்குத் துணையா வராரு."

நாற்பது பேரில் சிலர் நாய்க்கும் ஒரு கும்பிடு போட்டார்கள். சகாதேவன் திரும்பிப் பார்த்தார். நாய் எதற்கு வருகிறது என்பது அந்த நாற்பது பேரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். திரும்பி, நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார். குபேர லிங்கம் வரும்போது பல் கிட்டி, உடம்பு தூக்கிப் போட்டது. ஜாக்கெட் இல்லாமல் அவருக்குக் குளிரெடுத்தது அன்றைக்குத்தான். கீழே விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

விஷம் கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. உயிரா காலா என்று கேட்டுவிட்டு, டாக்டர்கள் பதிலுக்குக் காத்திராமல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கேஸ் ஷீட்டில் 'தீக்காயம்' என்று எழுதியிருந்தது. வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் கோபியின் பேனர் வேறு எழுதியிருந்தது: 'பனிமலைக்குப் பாதம் தந்த பாரதத்தின் புதல்வரே, மீண்டு வருக!'

பார்க்க வந்தவர்கள் பனிக்கடியைப் பற்றியே கேட்டார்கள். எத்தனை டிகிரி, எத்தனை நேரம், மூச்சு விட முடிந்ததா. சகாதேவன் முதல் நாள் எதுவும் சொல்லாமல் இருந்தார். இரண்டாம் நாள் "மைனஸ் பன்னெண்டு" என்றார். நாலாம் நாள் அது மைனஸ் இருபதாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் ஆதிலட்சுமி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சுளை என்பது போலப் பிய்த்து வைத்தாள்.

ஐந்தாம் நாள் டாக்டர் அருணாதேவி வந்து கதவருகில் நின்றார். உள்ளே கோபி, வல்லரசு, இன்னும் நாலைந்து பேரவைக்காரர்கள்.

"இடது காலைப் பத்திப் பேசணும். இவங்க கொஞ்சம் வெளிய இருக்கட்டுமா?"

"பரவால்ல டாக்டர். எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"சரி. மூணு விரலும் போயிடுச்சி. விரலை மட்டும் எடுத்துட்டு, மிச்சக் காலைக் காப்பாத்தப் பாக்கலாம். ஆனா பல மாசம் ஆவும். எங்க மரத்திருக்கு, எங்க உணர்ச்சி இருக்குன்னு நீங்க சொல்றத நம்பித்தான் நான் போக முடியும். அது சரியா வராதுன்னா இதையும் இப்பவே எடுத்துடறது உயிருக்கு நல்லது. புரியுதுங்களா?"

"புரியுது."

"கண்ணை மூடிக்குங்க. இந்த நைலான் இழையால அங்கங்க தொடுவேன். தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. ரெண்டுல எதச் சொன்னாலும் தப்பில்ல."

சகாதேவன் கண்களை மூடிக்கொண்டார். அறையில் ஏழெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"இப்ப?"

"தெரியுது."

"இப்ப?"

"ம், தெரியுது."

"இது எங்கன்னு சொல்லுங்க."

"குதிகால்ல. லேசா, எறும்பு ஊர்ற மாதிரி."

"இப்ப?"

"நல்லாத் தெரியுது டாக்டர்."

கோபி தாங்கமாட்டாமல், "பாத்தீங்களா, தலைவர்னா சும்மாவா" என்றான். சகாதேவன் புன்னகையோடு கண்ணைத் திறந்தார். டாக்டர் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், காலிலிருந்து ஓர் ஆள் உயரம் தள்ளி நின்றிருந்தார். நைலான் இழை அவர் கோட்டுப் பையிலேயே செருகியிருந்தது. ஃபைலில் ஒரே ஒரு வரி எழுதி, ஒரு காகிதத்தைத் தனியாக உருவினார்.

ஆதிலட்சுமி ஆரஞ்சுத் தோலை ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். காகிதத்தை வாங்கி, வழக்கம்போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள்.

"எங்கங்க கையெழுத்துப் போடணும்?" என்று டாக்டரைக் கேட்டாள்.