கிரேனுக்கு ஓய்வு கொடுத்தார்கள்

கட்டட வேலையில் அவளுக்குக் கிரேன் என்று பெயர். முழு சிமெண்ட் மூட்டையைத் துணைக்கு ஆளில்லாமல் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். புற்றுநோய் என்று அவளுடைய வலது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கட்டிலருகே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "மூட்டை தூக்கற வேலை இந்தக் கைக்கு இனிமே வேணாம்மா. அதுக்காகச் சும்மாவும் வைக்கக் கூடாது. சுவத்துல விரலை மேல மேல நடக்க விடுங்க. தம்ளரை நீங்களே எடுங்க. பொத்திப் பொத்தி வச்சா தோள் இறுகிடும், அப்புறம் கை மேல போகாது."

கூட நின்ற கணவன், கம்பி கட்டுகிறவன், பலமாகத் தலையாட்டினான். அவன் காதில் ஏறியது முதல் வரி மட்டும்தான்.

சுமை தூக்கிப் பிழைக்கிறவர்களுக்கு அன்பைக் காட்ட ஒரே வழிதான் தெரியும். அடுத்தவர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்வார்கள். வேலை விட்டதும் தலைமயிரில் சிமெண்ட் தூசியோடு கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி துவைத்தாள், ஒருத்தி வீடு கூட்டினாள். நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கிச் சோறு ஊட்டவே பார்த்தாள். கிரேன் தண்ணீருக்குக் கையை நீட்டினால் நாலு கை முந்தியது. "சும்மா இருங்கக்கா. ஆயுசுக்கும் தூக்கினது போதும்."

சும்மா இருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மேஸ்திரியையே வாயால் துரத்தியவளுக்குப் பேச்சு குறைந்தது, பிறகு சோறும் குறைந்தது. கணவன் பக்கத்தில் வந்தால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

மறுபடி காட்டப் போனபோது நர்ஸ் கையைத் தூக்கச் சொன்னாள். தோள் மட்டத்துக்குக் கீழேயே கை நின்றுவிட்டது.

"இப்படியே விட்டா இவ்வளவுதாம்மா நிக்கும்," என்றாள் நர்ஸ். முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மனசு விட்டு அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"எங்கே அழறது? எனக்குப் பதிலா அழறதுக்கும் வீட்ல ஆள் இருக்கு."

நர்ஸ் சிரிக்கவில்லை. "அப்ப அவங்ககிட்டதான் பேசணும். நான் பேசட்டுமா?"

"வேணாம். என் ஆளுங்க. நானே பேசறேன்."

அன்று சாயங்காலம் வழக்கம்போல வீடு நிறைந்தது. சிமெண்ட் கலவை போடுகிறவளும் மேஸ்திரியும்கூட வந்திருந்தார்கள். கிரேன் எழுந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் உக்காருங்க. என் கை மேல போகல. எனக்குப் பயமா இருக்கு."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

"நோய் திரும்ப வருமோன்னு பயமா இருக்கு. கண்ணாடி பாக்கவும் பயமா இருக்கு. சரியாயிடும் சரியாயிடும்னு நீங்க சொல்லச் சொல்ல, பயப்படறதே தப்போன்னு வாயை மூடிக்கிட்டேன். போதாததுக்கு என் கையில இருக்கறதை எல்லாம் பிடுங்கறீங்க. உயிரோட இருக்கறப்பவே எனக்குக் குழி தோண்டற மாதிரி இருக்கு."

மூட்டை தூக்க உடம்பு போதும். இதைச் சொல்ல வேறொன்று வேண்டும். அது அவளிடம் இருந்தது.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "நல்லது செய்ய வந்த எனக்கு இந்தப் பேரா அண்ணி?"

"நல்லதுதான் செஞ்ச. இப்ப வேற வேலை தர்றேன்." கட்டட வேலையில் காலையில் ஆட்களைப் பிரித்துவிடும் அதே குரல். "நீ சமை. பரிமாறிக்கறது நான். கலவைக்காரி, நீ வேலை இடத்துல நடக்கற வம்பை ஒண்ணு விடாம கொண்டு வரணும். மேஸ்திரி இஞ்சினியர்கிட்ட வாங்கின திட்டு உள்பட."

"அதுக்காக நான் தினமும் புதுசா வாங்கணுமா?" என்றார் மேஸ்திரி.

"பழசே மலையா குவிஞ்சு கிடக்குண்ணே, அதுவே போதும்."

முதலில் சிரித்தது கலவைக்காரிதான். மற்றவர்களுக்குத் தைரியம் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இன்னொண்ணு. நான் அழுதா யாரும் தண்ணி எடுத்துட்டு ஓடி வராதீங்க. அழுது முடிச்சுட்டு நானே வர்றேன்."

"அப்ப நான் என்ன செய்யறது?" என்றான் கணவன்.

"பக்கத்துல உக்காரு. கையை மட்டும் அடக்கிக்க."

கம்பியை வளைக்கிறவனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் சுவரில் விரலை ஏற்றும்போது இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். வலி கூடினால் அவள் சுவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். சில நாள் பாதியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுவிட்டு, மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டு, விட்ட இடத்தில் விரலை வைத்தாள். விரல் தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது.

பிறகு ஒருநாள் அவனுடைய சட்டையை அலசி எடுத்துக்கொண்டு கொடியருகே போனாள். வலது கையால் வீசினாள். சட்டை கொடியில் பட்டு மண்ணில் விழுந்தது. அவன் பாதி எழுந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்தான்.

சட்டையை மறுபடி அலசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். வேர்த்துக் கொட்டியது.

"ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுத் தொங்குதே," என்றான்.

"காயுமா, காயாதா?"

"காயும்."

"அப்புறம் என்ன," என்று வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள்.