மூன்று உதை

ஒரு வழக்கம் உலகத்தில் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டுமானால் புத்தகத்தைப் புரட்டாதீர்கள், என்னிடம் வாருங்கள். நான் ஒன்றைப் பெற்றுப் போட்டவள். பிறந்த நேரம்கூடச் சொல்வேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். சொந்தப் பள்ளி, ஒரே கார், என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக் மட்டும் இல்லாவிட்டால் இந்த வட்டாரத்தில் பாதிச் சுவர் நின்றிருக்காது. அன்றைக்கு என்னோடு வந்தவர் ஒரு பல் டாக்டர். ஓட்டுநர் தேர்வில் ஏழு முறை தோற்றவர். பல் பிடுங்குவதில் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தால் மட்டும் பிடுங்கிக்கொள்ள வந்தவரின் முகம் அவருக்கு வந்துவிடும்.

தேர்வு மைதானத்தில் முறைக்காகக் காத்திருந்தபோது, பின்பக்க இடது டயரில் காற்று குறைந்த மாதிரி எனக்குப் பட்டது. இறங்கி ஓர் உதை விட்டுப் பாருங்கள் என்றேன். மனிதர் பூனைக்குட்டியைத் தொடுவதுபோல் தொட்டார். உதைக்கச் சொன்னேனா, தடவச் சொன்னேனா என்று கத்தினேன். இரண்டாவதும் உப்புச்சப்பில்லாத உதை. மூன்றாவது உதையில் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தார். டயரில் காற்று என்னவோ சரியாகத்தான் இருந்தது. அவர் நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார், ஓட்டினார், பாஸாகிவிட்டார். கால்வலியில் பயம் மறந்துபோயிருக்கும் என்பது என் கட்சி.

அடுத்து அதே காரில் ஓட்ட வேண்டிய பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளும் மூன்று உதை விட்டுவிட்டு ஏறினாள், பாஸ். அவளுக்கு அடுத்தவர் உதைக்கவில்லை, ஃபெயில். முடிந்தது. ஒரு வழக்கத்துக்கு மூன்று பேர் போதும், நான்காவது ஆளுக்கு அது முன்னோர் சொன்னதாகிவிடும்.

ஒரே வருடத்தில் மைதானத்துக்கு வருகிறவர்களெல்லாம் உதைக்க ஆரம்பித்தார்கள். மற்றப் பள்ளிக்காரர்களும் உதைத்தார்கள். மூன்றாவது உதையில் வலிக்க வேண்டும், வலிக்காவிட்டால் பலிக்காது என்று ஓர் ஐதீகம் சேர்ந்துகொண்டது. பிறகு நான் டயரை மாற்றினேன். உடனே ஊர் இரண்டு கட்சியானது. சக்தி அந்தப் பழைய டயரில்தான் என்ற கூட்டம், பஞ்சர் கடைச் சுவரில் சாத்திக் கிடந்த டயரைத் தேடிப் போய் உதைத்துவிட்டு வந்தது. சக்தி டயரில் இல்லை, அது மாட்டியிருந்த இடத்தில் என்ற கூட்டம் என் காரோடு நின்றது. இரண்டு கூட்டத்திலும் படித்தவர்கள்தான் அதிகம்.

இதற்கு அறிவியல் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். பாதத்திலிருந்து அதிர்வு நேராக மூளைக்குப் போய்க் கவனத்தைக் கூட்டுகிறதாம். இதைச் சொன்னவர் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். குதிரை வண்டிக் காலத்தில் சக்கரம் உறுதியாக இருக்கிறதா என்று வண்டிக்காரர் தட்டிப் பார்ப்பாராம், அதன் மிச்சம்தான் இது, நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்றார் ஓய்வுபெற்ற ஒரு குமாஸ்தா. முன்னோர் நான்தான். உயிரோடு, அவர் பக்கத்திலேயே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

உண்மையை நான் சொல்லாமல் இல்லை. சொன்னால், மேடத்துக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி என்று சிரித்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பொய் எதற்கு, இந்த உதையால் என் பள்ளியில் ஆள் நிறையவே சேர்ந்தார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டதும் உண்டு.

வினை என் தங்கை உருவத்தில் வந்தது. அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. கை கால் விளங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கிறவள். பத்தொன்பது வருடமாக அவளை வேலைக்குக் கொண்டுவிட்டு அழைத்து வருவது அவள் வீட்டுக்காரர்தான். தங்கமான மனிதர், ஆனால் நேரம் என்பது மற்றவர்களுக்கு என்று நினைப்பவர். போன் செய்தால், இதோ வந்துட்டேன், அங்கேயே நில்லு என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் குளித்திருக்கவே மாட்டார். வாசல் வாசலாகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இவள் நின்ற நேரத்தைக் கூட்டினால் இரண்டு வருடமாவது தேறும். வெயிலில் அப்படி அவள் நிற்பதைப் பார்த்து எனக்கு எத்தனையோ தடவை வயிறு எரிந்திருக்கிறது.

இப்போது அவளுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், கார் அவர்களே தருவார்கள். திங்கட்கிழமை லைசென்ஸோடு வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் இருந்தது ஒரே ஒரு தேர்வு நாள். அவளோ நான்கு முறை தோற்றிருந்தாள்.

பதினோரு மாதம் நான்தான் கற்றுக்கொடுத்தேன். பொறுமையாகத்தான். திட்டுவதானால்கூட ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் திட்டுவேன், தெருவில் நாலு பேர் காதில் விழக்கூடாது பாருங்கள். நான்கு தேர்விலும் மைதானத்துக்குள்ளே கம்பி வேலி ஓரமாக நின்று கண் இமைக்காமல் பார்த்தேன். பின்னால் எடுக்கும்போது எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கையால் ஜாடைகூடக் காட்டினேன். அப்படியும் ஒவ்வொரு முறையும் பின்னால் நட்டிருக்கும் அதே கம்பத்தில் கொண்டுபோய் இடித்தாள். மூன்று உதையும் ஒழுங்காகத்தான் விட்டிருந்தாள். வலி போதவில்லை என்று அடுத்த முறைக்கு மெல்லிய செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஐந்தாவது முறை நாங்கள் போனபோது மைதானத்துக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. டயரை உதைப்பவர்கள் தேர்வுக்கு அனுமதிக்கப்பட மாட்டார்கள். போன வாரம் யாரோ ஒரு பெரியவர் உதைத்து விரலை முறித்துக்கொண்டாராம், புகார் மேலே போயிருக்கிறது. தேர்வு அதிகாரியும் புதியவர். சட்டை மடிப்புக் கலையாத இளைஞர், மேசையில் பேனாவைக்கூட நேர்க்கோட்டில் வைத்திருந்தார்.

தங்கை அறிவிப்பை இரண்டு முறை படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். நான் அவளைக் காருக்குள் இழுத்து உட்கார வைத்தேன். கண்ணாடியை ஏற்றினேன்.

"அந்த உதையை ஆரம்பிச்சு வச்சதே நான்தான்டி. காத்து இருக்கான்னு பாக்கச் சொன்னேன். வேற ஒண்ணுமே இல்லை."

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "எனக்குத் தைரியம் வரட்டும்னு சொல்றே. அந்தப் பல் டாக்டர்தான் எனக்குப் பல் அடைச்சார். அவரே சொன்னாருக்கா. விடியக்காலைக் கனவுல அந்த டயர் வந்துச்சாம்."

கனவு! என் தொண்டை கிழியக் கத்தியதில் வந்த உதை அது. அவர் பல் ஒன்றையாவது உடைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன், அவள் நம்புவதாக இல்லை. உதைக்காமல் போனால் கை உதறும், எனக்கே தெரியும் என்றாள். அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸாக இருந்தது.

வேறு வழியில்லை, அதிகாரியிடம் போனேன். ஒன்பது வருடமாக நான் கேலி செய்த அந்த உதைக்காக, ஒரே ஒரு உதை சார், மெதுவாகத்தான் உதைப்பாள் என்று கெஞ்சினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, இதெல்லாம் மூடநம்பிக்கை மேடம் என்றார். அப்போதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூடநம்பிக்கை என்று நான் சொல்லலாம், பெற்றவள். நேற்று வந்த இவர் யார் சொல்ல? குதிரை வண்டியிலிருந்து ஆரம்பித்தேன். பாதத்து அதிர்வு மூளைக்குப் போவதை விளக்கினேன். நம் முன்னோர்கள் முட்டாள்களா என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். பேனா உருண்டு கீழே விழுந்தது.

அவர் எழுந்து நின்றார். "நீங்க கேட்டுக்கு வெளியே போங்க. உங்க ஆளுங்களோட தேர்வு முடியற வரைக்கும் நீங்க உள்ளே வரக் கூடாது."

காவலாளி என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், தகரக் கதவு, ஒரு பொட்டு இடுக்குக்கூடக் கிடையாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் கூடப் பிறந்தவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்தது. உள்ளே என் காரின் சத்தம் கேட்டது. கிளம்பியது. நின்றது. மறுபடி கிளம்பியது. பின்னால் எடுக்கிறாள் என்று தெரிந்ததும் தகரக் கதவைப் பார்த்தே கையால் ஜாடை காட்டினேன்.

ரோட்டோரம் ஒரு வேன் நின்றிருந்தது. அக்கம்பக்கம் பார்த்தேன். பின்பக்க இடது டயரில் மூன்று உதை விட்டேன். மூன்றாவதை வலிக்கிற மாதிரியே விட்டேன். ஓட்டுநர் தலையை நீட்டி, காற்று இறங்கியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நொண்டாமல் நடக்கப் பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. தங்கை காரை ஓட்டிக்கொண்டே வெளியே வந்து, என் முன்னால் நிறுத்தி இறங்கினாள். கையில் ஒரு தாள். பாஸ் என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். கண்ணைத் துடைத்ததும் என் வாய் பழையபடி ஆரம்பித்தது. உதைக்காமலேயே பாஸ் பண்ணினாயே, இனியாவது நம்புவாயா, டயரில் என்ன இருக்கிறது, எல்லாம் மனப்பிரமை என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் உதைத்ததை மட்டும் சொல்லவில்லை.

அவள் ஒத்துக்கொண்டாள். ஆமாம், டயரில் ஒன்றுமே இல்லை என்றாள். சொல்லிவிட்டுத் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஏறி உக்காந்ததும் வேலிப் பக்கம் பாத்தேன்க்கா. நீ இல்லை. அப்புறம் கை நடுங்கவே இல்லை."

எனக்கு முதலில் புரியவில்லை. நான்தான் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேனே, ஓரமாக நின்று பார்க்க மட்டும்தானே செய்வேன் என்றேன்.

"பேச மாட்டே. தலையில அடிச்சுப்பே," என்றாள் மெதுவாக. "நாலு தடவையும் நீ தலையில அடிச்சுக்கிட்ட பிறகுதான் நான் கம்பத்துல இடிச்சேன்."

ஒன்பது வருடமாக எவ்வளவோ நம்பிக்கைகளைக் கேட்டு, இதில் ஓட்டை, அதில் ஓட்டை என்று காட்டிச் சிரித்திருக்கிறேன். இதிலும் தேடினேன். ஒரு ஓட்டையும் அகப்படவில்லை. மனசு என்னவோ செய்தது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. வீட்டுக்காரர். இதோ வந்துட்டேன், அங்கேயே நில்லு என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. நீங்க வர வேண்டாம், நானே வந்துடறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். நான் வழக்கம்போல முன்பக்கக் கதவைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்காமல், "பின்னாடி உக்காருக்கா" என்றாள்.

என் காரில் நான் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கே பிரேக் கிடையாது. சந்தைத் தெரு முனையில் ஒரு லாரி குறுக்கே வந்தது, என் கால் தானாகத் தரையை மிதித்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேட்டில் நிறுத்தினாள், நிதானமாக எடுத்தாள். குறுகலான சந்தில் எதிரே வந்த காருக்கு வழிவிட்டுப் பின்னால் எடுத்தாள். வீடு வந்து சேரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஒரு தப்புகூடச் செய்யவில்லை.