முட்டைப்பைக்குக் கொசுவலை

1967 நவம்பர் 26ஆம் தேதி, சிட்லபாக்கத்தில் ஏரியை ஒட்டிய ஒரு வீட்டின் ஜன்னல் கம்பியில் சிலந்தி ஒன்று முட்டைப்பை கட்டியது.

வீட்டில் ஞானசௌந்தரி மட்டும் இருந்தாள். பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. தையல் டீச்சர் தபீதாள் ஒன்பது வருடம் அவளோடு அந்த வீட்டில் குடியிருந்து, ஜூன் மாதம் அசரியாவை மணந்து அஸ்தினாபுரம் போய்விட்டாள். வருகிறேன் வருகிறேன் என்பாள், வந்ததில்லை. சர்ச்சில் பார்த்தபோது ஞானசௌந்தரி முட்டைப்பையைப் பற்றிச் சொன்னாள்.

"குஞ்சு பொரிச்சா சொல்லு ஞானம், கட்டாயம் வரேன்" என்றாள் தபீதாள்.

மறுநாள் மெலிந்த குளவி ஒன்று பையின்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. இளைப்பாறுகிறது என்று ஞானசௌந்தரி நினைத்தாள். அவளுடைய பயமெல்லாம் பல்லியும் எறும்பும்தான். குளவி பறந்து போனதும், பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டிப் பையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்க பாட்சா வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, சிலந்திக்குக் கொசுவலையா? எங்க வூட்ல எனக்கே கெடையாது."

"அந்த ஜன்னல் பக்கம் மட்டும் விட்டுடுங்க, பாய்."

"வர்றவங்க என் வேலையத்தானே திட்டுவாங்க?"

"ஒருத்திதான் வருவா. அதைப் பார்க்கத்தான் வரா."

பாட்சா சிரித்துக்கொண்டே அந்தச் சுவரை விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, வலைக்குள் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தாள். நாலு குளவிகள். சிலந்திக் குஞ்சு ஒன்றுகூட இல்லை. பையைக் கத்தரித்துப் பிரித்தாள். முட்டைகள் இருந்த இடத்தில் காலிக் கூடுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அன்று வந்த குளவி உள்ளே முட்டையிட்டுப் போயிருக்கிறது. அதன் புழுக்கள் சிலந்தி முட்டைகளைத் தின்றே வளர்ந்திருக்கின்றன. அவற்றுக்குத்தான் இத்தனை நாள் காவல் இருந்திருக்கிறாள். வலையை அவிழ்த்தாள். குளவிகள் ஒவ்வொன்றாகப் போயின.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தபீதாளே கேட்டாள்: "என்னடி, பொரிச்சாச்சா?"

ஆச்சு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"இல்லை. குளவி வந்துச்சு."

"ஐயோ, குளவியா! எனக்கு ஆகவே ஆகாதும்மா. சரி, அடுத்த தடவை சிலந்தி வந்தா சொல்லு."

அசரியா ஸ்கூட்டரைக் கிளப்பி ஹாரன் அடித்தார். தபீதாள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

மறுநாள் கிறிஸ்மஸ். ஞானசௌந்தரி வீட்டுக்கு யாரும் வரவில்லை.