நடுவில் யார் படம்

...நாலு பேர் என்றால் நடு எங்கே வரும், மூன்று பேருக்கு நடு உண்டு, ஐந்து பேருக்கும் உண்டு, இந்த நாலு பேருக்குத்தான் நடுவே கிடையாது, யாரையாவது ஒருவரைத் தூக்கி நடுவில் வைத்தால் மற்ற மூவரும் தாமாகவே ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள், இதில் என் குற்றம் என்ன இருக்கிறது... இர்பானா மவுஸிலிருந்து கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, உள்ளங்கை மட்டும் வேர்த்தது. கீழே செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் மிளகாய் மூட்டை இறக்குகிறார்கள், அந்த நெடி மாடிப்படி ஏறி ஃபிளெக்ஸ் கடைக்குள் வந்து நிற்கிறது, தும்மலும் வருவேனா மாட்டேனா என்று நிற்கிறது, இன்றைக்கு எல்லாமே நின்றுகொண்டுதான் இருக்கிறது, கடிகாரத்தைத் தவிர. மணி ஒன்று பத்து. பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். லுஹர் தொழுதுவிட்டு அத்தா நேராக இங்கே வருவார், "நானும் ஒரு தடவை பாத்துடறேம்மா" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். இரண்டரைக்குப் பரமத்தி வேலூரிலிருந்து ஆள் வந்து பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவான், நாளை சாயங்காலம் கச்சேரி. ஒரு தடவை பார்ப்பாராம். அத்தா எதையும் ஒரு தடவைதான் பார்ப்பார், எருமப்பட்டியில் ஒரு தடவை பார்த்ததற்கே இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

இத்தனை வருடம் கழித்து நாலு பேரையும் மறுபடி சேர்த்துக் கச்சேரி வைக்கிற கதிர்வேல் வெற்றிலைக் கொடிக்கால்காரர், நல்ல மனிதர், நல்ல மனிதர்கள்தான் இப்படிக் கழுத்தை அறுப்பார்கள். நாலு படத்தையும் ஒரே அளவில் வைத்துக் காலையில் அனுப்பினாள், அடுத்த நிமிடமே போன் வந்துவிட்டது. "ஏனுங்க, நாலும் ஒரே மாதிரி இருந்தா காணவில்லைன்னு போட்டாப்டி இருக்குதுங்க. ஒருத்தர நடுவுல பெருசா போடோணும். நாங்க சொன்னா ஊர்க்காரன்னு மணியனண்ணனச் சொல்லுவோம், அப்புறம் அது ஒரு வம்பு. நீங்க சின்னப் புள்ளையிலிருந்து நாலு பேரையும் பாத்தவிய, உங்களுக்கு ஆரைப் புடிக்குதோ அவியளப் போட்டு அனுப்புங்க, ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." புண்ணியவான், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவள் கணவன் நயீம் அதைவிடச் சுலபம், நாமக்கல்லில் வேறொரு பேனர் கட்டக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்கத்தாவப் போட்டுட்டு பிரிண்ட்டக் குடு, முடிஞ்சுது" என்றான். ஆம்பளைகளுக்கு எதுவும் முடிந்துவிடும். கொழுமுனைக் குழுவில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்பது ஒரு காலத்தில் சேலம், நாமக்கல் டீக்கடையெல்லாம் கேட்ட கேள்வி, பம்பையையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றிய நாலு பேர், வேலூர் மணியன் பாட்டு, செவ்வாய்ப்பேட்டை பரக்கத் அலி கிட்டார், நாச்சிமுத்து பம்பை, சண்முகவேல் கீபோர்டு. லாரிக்காரர்கள் எல்லாம் மணியன் கட்சி, காலேஜ் பையன்கள் கிட்டார் கட்சி, கோயில் கூட்டம் நாச்சிமுத்துவைத்தான் சாமியாட வைக்கிற ஆள் என்று கொண்டாடும், சண்முகவேலுக்கு அந்தத் தலைமுடிக்காகவே பெண்கள் கட்சி ஒன்று இருந்தது, இப்போது முடியும் இல்லை கட்சியும் இல்லை. யார் எந்தக் கட்சி என்று ஊரே வாய்கிழியச் சொன்னது. பரக்கத் அலியின் மகளிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை, கேட்பதற்கு என்ன இருக்கிறது, அவள் அப்பன் கட்சிதானே... யாரும் கேட்டதில்லையா? ஒரே ஒருவர் கேட்டார்.

வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், முதலில் வேலை. அத்தாவின் படத்தை இழுத்து நடுவில் வைத்தாள், பெரிதாக்கினாள், மணியன் மாமாவை இடது ஓரத்துக்குத் தள்ளினாள். அளவு என்பது விளையாட்டா, ஃபிளெக்ஸ் தொழிலில் கால் வைத்த முதல் மாதமே கற்றுக்கொண்ட பாடம் அது, ஒரு சீர்வரிசை பேனரில் தாய்மாமன் முகம் சித்தப்பன் முகத்தைவிட இரண்டு விரற்கடை சின்னதாகப் போனதற்கு மாமன் தட்டுகளை மண்டப வாசலோடு திருப்பிக்கொண்டு போனார், அந்தப் பொண்ணு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. ஜனங்கள் பேனரைப் படிப்பதில்லை, அளக்கிறார்கள். அன்றைக்கு எருமப்பட்டியில் அத்தாவும் அளந்தார். வேனை விட்டு இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்த போஸ்டர், நடுவில் மணியன் மாமா ஆள் உயரத்துக்கு, கீழே மற்ற மூவரும் தீப்பெட்டி அளவில். அம்மா சொல்லித்தான் இர்பானாவுக்குத் தெரியும், அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம், மேடையேறி மூன்று மணி நேரமும் குறையில்லாமல் வாசித்தாராம். வீட்டுக்கு வந்தார், கிட்டாரை உறையில் போட்டுப் பரண்மேல் ஏற்றினார், அவ்வளவுதான், கொழுமுனை அன்றோடு முடிந்தது. மறுமாதம் தொடங்கி மணியன் மாமா மூன்று தடவை வந்தார். தோளில் ரஸ்தாளித் தாரோடு சந்தில் நின்று, "அலி, நாஞ் சொல்லிப் போடலீடா, அந்த போஸ்டர் எனக்கே தெரியாதுடா" என்று மாடியைப் பார்த்துச் சொன்னார். அத்தா உள்ளே உட்கார்ந்துகொண்டு, "இல்லன்னு சொல்லு அமீனா" என்றார். அம்மா போய் இல்லையென்றாள். மூன்றாம் தடவை மாமா தாரைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டுப் போனார், அது பழுத்துக் கருத்து ஈ மொய்க்கும்வரை வீட்டில் யாரும் தொடவில்லை. பத்து வயது இர்பானா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். மாமா பொய் சொல்லவில்லை என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்.

சரி, நினைத்தாகிவிட்டது, முழுக்க நினைத்துத் தொலை... ஒரு வெள்ளிக்கிழமை. அத்தா ஜும்ஆவுக்குப் போயிருந்தார். போஸ்டர் அடிக்கிற பிரஸ் குழந்தைவேல் எருமப்பட்டிக் கச்சேரிக்கான நாலு போட்டோவோடு வந்து வாசலில் நின்றார், அவசரம், அச்சு ஏற்ற வேண்டும், அத்தாவிடம் கேட்க வந்தேன் என்றார். அம்மா அடுப்படியில். அந்த மனிதர் போட்டோக்களைச் சீட்டுக்கட்டு மாதிரி தரையில் பரப்பி, சும்மா விளையாட்டுக்கு, "ஏம்பாப்பா, இந்த நாலு பேர்ல உனக்கு யாரப் புடிக்கும்" என்றார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லையே, யோசித்திருக்கக் கூடாதா, விரலை மணியன் மாமா நெற்றியில் வைத்தாள். அவர் சிரித்தார், "அப்ப இவரையே நடுவுல போட்டுருவோம்" என்றார், அவளும் சிரித்தாள். ஏன் மாமாவைத் தொட்டாள்? வாழைப்பழமா, "ஏஞ்சாமி, சோறுண்டுட்டியா" என்று வாசலிலேயே கேட்கிற அந்தக் குரலா, உங்களுக்குத்தான் சாமி எங்களுக்கு அல்லாஹ் என்று அவள் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தாரே அதுவா? அத்தாவும் அன்பானவர்தான், ஆனால் அத்தாவின் அன்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும், அவர் வீட்டில் இருந்தாலும் கிட்டார் கம்பிக்குள்தான் இருப்பார். இதைச் சொல்லியிருக்கலாம். அன்றே சொல்லியிருக்கலாம், அடுத்த வருடம் சொல்லியிருக்கலாம், நிக்காஹ் ஆகிப் போகும்போது சொல்லியிருக்கலாம், சொன்னால் அத்தா என்ன செய்துவிடுவார், அடிக்கவா போகிறார். அதுதான் பயமே. மகளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தபிறகு அந்த முகம் எப்படி ஆகும், அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பதிலாக மாமா மேல் பழி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கோழைத்தனம், வேறென்ன பெயர் அதற்கு. இந்த இரண்டு மாதமாகத்தான் அத்தா மறுபடி கிட்டாரை எடுத்திருக்கிறார், சர்க்கரையில் இடக்கை விரல்கள் மரத்துப்போய்விட்டன, கதவைச் சாத்திக்கொண்டு விரலை வெந்நீரில் முக்கி முக்கி வாசிக்கிறார். நடுவில் வேறு முகத்தைப் பார்த்தால் நாளைக்கு வேனில் ஏறுவாரா? ஏறாவிட்டால் இனி எப்போது?

அதனால்தான் அத்தா நடுவில். முடிந்தது. ஆனால் படம் ஏன் இப்படி இருக்கிறது? அவளிடம் இருப்பது ஒரே ஒரு பழைய மேடைப் போட்டோ, அதிலிருந்துதான் நாலு பேரையும் தனித்தனியாக வெட்டி எடுத்திருந்தாள். மூன்று பேர் முகமும் கூட்டத்தைப் பார்க்கிறது. அத்தா மட்டும் வலப்பக்கம் திரும்பி, லேசாக வாய் பிளந்து, யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி பார்க்கிறார். பேனரில் வலப்பக்கம் இருப்பது விளம்பரம் கொடுத்த உரக்கடையின் மூட்டை. பரக்கத் அலி ஆள் உயரத்துக்கு நடுவில் நின்றுகொண்டு உர மூட்டையை ஆசையாகப் பார்க்கிறார். படத்தைத் திருப்பிப்போட்டுப் பார்த்தாள், கிட்டார் இடக்கைக்காரர் வாத்தியமாகிவிட்டது, அத்தா கொன்றே போடுவார். வலப்பக்கம் நாச்சிமுத்துவை வைத்தாள், அவருடைய பம்பையைப் பார்த்து மயங்கினார். கடைசியில் மணியன் மாமாவை இடது ஓரத்திலிருந்து கொண்டுவந்து வலப்பக்கம் வைத்தாள்... பார்வை போய்ச் சரியாக உட்கார்ந்துவிட்டது. பழைய போட்டோவைத் திறந்தாள். ஆமாம், அங்கேயும் மாமா அத்தாவுக்கு வலப்பக்கம்தான். சின்ன வயதில் மேடை ஓரத்தில் நின்று அத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளே, அத்தா எங்கே பார்க்கிறாரோ அங்கேதானே அவளும் பார்ப்பாள், அப்படியானால் அன்றைக்கு விரலை வைத்தது அவளுக்குப் பிடித்த முகத்திலா, அல்லது அத்தா பார்த்த முகத்திலா... படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் படியில் ஒரு நிறுத்தம், மூச்சு வாங்குகிறார், அத்தாதான்.

அவர் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியை மாட்டினார். திரையை ஒரு தடவை பார்த்தார். இந்த முறை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவனப் பாத்துட்டுதான் வாசிப்பேன்" என்றார். "தாளத்துக்கு அடங்க மாட்டான். எங்க மூச்சு எடுக்கறானோ அங்கதான் நான் கம்பியத் தட்டணும். பதினஞ்சு வருஷம் அவன் தொண்டையத்தான் பாத்துட்டு இருந்தேன்."

இப்போது சொல், இப்போது விட்டால் வேறு நேரம் இல்லை... "அத்தா, அந்த எருமப்பட்டி போஸ்டரு..."

"தெரியும்மா."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கீழே மூட்டை விழுந்த சத்தம் எங்கோ கேட்டது.

"குழந்தைவேலு மறுவாரமே சொல்லிட்டான். பாப்பாதாங்க கைய வெச்சுதுன்னு சிரிச்சுட்டே சொன்னான்."

மறுவாரமே. அப்படியென்றால் மாமா வாழைத்தாரோடு வந்து நின்ற மூன்று தடவையும் இவருக்குத் தெரியும். இல்லையென்று சொல்லச் சொன்னபோதும் தெரியும். மாமாமேல் கோபமே இல்லை, அந்தக் கோபத்துக்கு உரிய ஆள் அதே அறையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்குச் சோறு ஊட்டினார், சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், மாப்பிள்ளை பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாவற்றையும் மணியன் மாமா தலையில் இறக்கி வைத்துவிட்டு இவரும் பேசாமல் இருந்தார், அவளும் பேசாமல் இருந்தாள். ஒரு வீட்டில் இரண்டு கோழைகள். வேலூரில் ஒரு மனிதர் இருபத்திரண்டு வருடமாகத் தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, கோபம்தான் வந்தது, அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன் அடித்தது. கதிர்வேல். எடுக்கப் போனாள், விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. "ஏனுங்க, நம்ம ஆளு கொண்டலாம்பட்டி தாண்டிட்டானுங்க. ஆரப் போட்டிருக்கீங்க?"

அத்தா நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். மரத்துப்போன விரல்களை முழங்கால்மேல் நீட்டி மடக்கினார். போட்டோவில் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் இப்போது நேராக அவளைப் பார்த்தன, அவற்றில் கோபம் இல்லை, ஒரு மாதிரி பயம் இருந்தது, அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கப் போகிற மனிதனின் பயம்.

"சொல்லும்மா" என்றார், "யார வெக்கப் போற?"

"ஏனுங்க, இருக்கீங்களா" என்றது போன். மவுஸ்மேல் இருந்த அவள் விரல் அசையவில்லை.