இரண்டாம் பாகத்தில் ஓடியவள்

ரஷ்யப் பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம் டிவிடியாக வெளிவந்த வாரத்தில், அதை வாங்கிப் போட்டுப் பார்த்த முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும், டிவியை அணைத்த பிறகும் ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆள் கிடையாது, மூச்சு மட்டும். ஓடுகிறவளின் மூச்சு. உள்ளே இழுக்கும்போது தொண்டையில் லேசாக ஒரு விசில், வெளியே விடும்போது ஒரே அவசரம். வெயில் கொளுத்துகிற மத்தியானத்திலும் டிவிக் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பனி படியும். துடைத்த துணியை அலசிப் பிழிவதற்குள் மறுபடி படியும். மின்சார ஆபீசிலிருந்து ஆள் வந்து வயரைப் பிடுங்கிப் பார்த்தான். பிடுங்கிய பிறகும் அவள் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். டிவிடி கம்பெனி மேலாளரோ, டிஸ்கில் கீறல் இருந்தால் மாற்றித் தருகிறோம், மூச்சுக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார். அவர் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்தது என்று வையுங்கள்.

படத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மனிதர்களின் நிழலைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஒரு கூட்டம், அவர்களிடமிருந்து அதைத் திருடி உரியவர்களிடம் சேர்க்கிற ஒருத்தி. சாம்பல் நிற நீளக் கோட்டு, சிவப்பு பூட்ஸ், யாரையும் சட்டை செய்யாத பார்வை. கதை யாருக்கும் புரியவில்லை, அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆட்கள் கண்ணாடிக்குள் நடந்து போனார்கள், விளக்குக் கம்பங்கள் குனிந்து வழிவிட்டன, பனி தரையிலிருந்து வானத்துக்குப் பெய்தது. அப்படி ஒரு ஸ்டைல். முதல் பாகத்தைப் பார்த்துச் சொக்கிப்போனவர்கள் இரண்டாம் பாகம் வந்த அன்றே, வெள்ளி மினுக்கும் அதன் அட்டையைப் பார்த்ததும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த இரண்டாம் பாகத்தில் அவள் உறைந்துபோன ஆற்றின் மேல் மூன்று நிமிடம் நாற்பது விநாடி ஓடுகிறாள். வசனம் இல்லை, இசை இல்லை. மூச்சு ஒன்றுதான்.

முதல் இரண்டு வாரம் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. ஒரு வாத்தியாரின் மனைவி, புருஷன் எவளையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று பீரோவைத் திறந்து, கட்டிலடியில் குனிந்து, கடைசியில் மாவு டின்னைக்கூட விடாமல் எட்டிப் பார்த்தாள். அப்புறம் பழகிவிட்டது. டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தவர் வீட்டிலும், இரண்டாக உடைத்து வீசியவர் வீட்டிலும் மூச்சு இருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தினமும் டிவி பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார், சாயங்காலம் பார்த்தால் கால் டம்ளர் குறைந்திருக்கும். ஆனால் பழகியதே தவிர நிம்மதி என்பது இல்லை. பக்கத்திலேயே ஒருத்தி மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்து சாப்பிட யாருக்குத்தான் சோறு இறங்கும்? அந்த ஏழெட்டு மாதத்தில் ஊரில் பாதிப் பேர் இளைத்துப்போனார்கள்.

பெரிய சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அந்த டிஸ்க் இருந்தது, மூன்றாம் மாடியைத் தவிர. அங்கே இருந்தவர் ஒலிப்பதிவுக்காரர். படத்தை நம் மொழிக்கு மாற்றியதே அவருடைய ஸ்டூடியோவில்தான். சிவப்பு பூட்ஸ்காரிக்கு இரண்டு பாகத்திலும் குரல் கொடுத்தவள் அவர் மனைவி. இரண்டாம் பாகம் கடைக்கு வருவதற்கு முன்பே அவள் இறந்துபோனாள். இவரும் எட்டு வயது மகளும் மட்டும்தான் மிச்சம். அந்த டிஸ்க் வீட்டுக்குள் வரவே கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும், கீழ்வீட்டில் அழகு நிலையம் நடத்திய பார்லர் அக்காவிடம் போய், அணைத்து வைத்த டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள், அவ்வளவுதான். பார்லர் அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டு முகத்தில் அப்பிய மாவோடு தெருவில் இறங்கி ஓடிய வாடிக்கையாளர்களைச் சமாளிப்பதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

எட்டாவது மாதம் ஒரு நாள் சிறுமி தானாகவே வாயைத் திறந்தாள்.

"தண்ணி கேனைத் தூக்கிட்டு மாடி ஏறி வந்தா, எங்க அம்மாவுக்கு இப்படித்தான் மூச்சு வாங்கும் அத்தை. விசில்கூட இதேதான்."

பார்லர் அக்கா கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டாள். நேராக மேலே போய், ஒலிப்பதிவுக்காரரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து டிவி முன்னால் நிறுத்தினாள். இதுவரை அந்த மூச்சு கேட்கும் எந்த வீட்டுக்குள்ளும் கால்வைக்காதவர், ஒரு நிமிடம் நின்று கேட்டதும் வாடிக்கையாளர் உட்காரும் சுழல் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அங்கே உட்கார்ந்தபடிதான் எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்னப் பதிவறையில், சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். உள்ளே நிற்கிறவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "ஓகே" சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. கூரை இடிந்து விழுந்தாலும் நிறுத்தக் கூடாது. அவர் மனைவி இதில் ரொம்பக் கறார், கன்னத்தில் குளவி உட்கார்ந்தபோதுகூட வசனத்தை முடித்துவிட்டுத்தான் அலறினாள். பதிவின் கடைசி நாள், ஆற்றின் மேல் ஓடும் காட்சி. காலடிச் சத்தம் கேட்காமலிருக்கப் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் வெறுங்காலோடு நின்ற இடத்திலேயே ஓடினாள். முதல் தடவையே அருமையாக வந்துவிட்டது. இவர் ஓகே சொல்வதற்குள் டிவிடி கம்பெனி மேலாளரிடமிருந்து போன். டிவிடி அட்டைக்கு வெள்ளி நிறமா தங்க நிறமா என்று ஒரு வெட்டிச் சண்டை. போனோடு வராந்தாவுக்குப் போனவர் பதினோரு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார். திரையில் காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அவளும் ஓடிக்கொண்டிருந்தாள், தலையிலிருந்து கால்வரை வேர்த்து ஊற்ற.

"அடிப்பாவி, இன்னுமா ஓடறே?" என்று இவர் சிரித்தார்.

"நீங்க ஓகே சொல்லலையே!" என்று அவளும் சிரித்தாள். அப்போதும் இவர் அதைச் சொல்லவில்லை. வயரைச் சுருட்டி வைத்துவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மறுவாரம் வீசிங் அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இரண்டாம் நாள் போய்விட்டாள். சின்ன வயதிலிருந்தே நுரையீரல் பலவீனம், ஓடியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் நாலு தடவை எடுத்துச் சொன்னார். இவரும் நாலு தடவை தலையாட்டினார், ஒரு தடவைகூட நம்பவில்லை.

"அவ இன்னும் ஓடிட்டேதான் இருக்காக்கா. நான் சொல்லலை, அதான்."

"அட ஆண்டவனே! அப்போ இப்பவாவது சொல்லித் தொலைங்களேன் தம்பி. யாரு வாயைப் பொத்துனா?"

"சொன்னா நின்னுடும். இருக்கிறதே இந்த மூச்சு ஒண்ணுதான். அதையும் நானே என் வாயால நிறுத்தணுமா?"

பார்லர் அக்கா கீழே கிடந்த சீப்பைக் குனிந்து எடுத்தாள். சிறுமிதான் பேசினாள். "நாளைக்குச் சொல்லலாம்பா. இன்னைக்கு மட்டும் இருக்கட்டும்."

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பார்லர் திறந்த நேரத்திலிருந்து டிவியில் காதை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். பார்லர் அக்கா தலை உலர்த்தும் மிஷினைத் தொடவே இல்லை, வந்த வாடிக்கையாளர்களிடம் கிசுகிசுத்துப் பேசினாள், ஈரத் தலையோடு அனுப்பினாள், ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. நாலு மணிக்கு ஒலிப்பதிவுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் சிறுமி எழுந்தாள். கன்னத்தில் ஒரு பக்கம் டிவிப் பனியில் நனைந்திருந்தது.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலப்பா. சொல்லிடுங்க. நான் அழமாட்டேன்." சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

இருபது வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல் அவருக்கு வரவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவை வந்தது.

"ஓகே," என்றார். "ஓகேம்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு. போதும், வெளிய வா."

மூச்சு ஒரு எட்டுத் தடுமாறியது. ஒன்று நீளமாக வந்தது, அடுத்தது அதைவிட நீளமாக. அப்புறம் ஒன்றுமில்லை. நாலு மணி பத்து நிமிடத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் கண்ணாடியில் இருந்த பனி போய்விட்டது. தபால்காரர் வீட்டு டம்ளர் காலியாகியிருந்தது. காரணம் தெரியாமல் பலர் அழுதார்கள், அழுது முடித்ததும் எல்லாருக்கும் அகோரப் பசி எடுத்தது. அன்று சாயங்காலம் ஊரில் ஒரு கடையில்கூட ரொட்டி மிஞ்சவில்லை.

அப்பாவும் மகளும் மூன்று மாடி ஏறினார்கள். பூட்டைத் திறந்தார்கள். எந்த டிஸ்கும் நுழையாத அந்த வீட்டுக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மெதுவாக, சீராக, ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டுச் சாய்ந்தவர்கள் விடுவதுபோல. ஒலிப்பதிவுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சிறுமி அவரைத் தாண்டி உள்ளே போய், கட்டிலில் சுவரோரம் இடம் விட்டுப் படுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. டிவிடி போடும் மிஷினே இப்போது யாரிடமும் இல்லை. போன வாரம் கூரியர்காரர் ஒருவர் பார்சலோடு அந்த மூன்றாம் மாடிக்குப் போனார். வளர்ந்துவிட்ட மகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியவங்க யாரும் இல்லையாம்மா?"

"அப்பா ஸ்டூடியோ போயிருக்கார். அம்மா தூங்கறாங்க," என்றாள், நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே.

உள்ளிருந்து வந்த சீரான மூச்சைக் கூரியர்காரர் காதுகொடுத்துக் கேட்டார். "ஐயையோ, எழுப்பாதம்மா," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். பார்சலைச் சத்தமில்லாமல் வைத்து, கையெழுத்தை வாங்கிக்கொண்டு, படியில் மெல்ல அடியெடுத்து வைத்து இறங்கிப் போனார்.